பதினொருவர் குழுவும் ஒரு பிரேக் டிரம்மும்

உலகத்தில் இரும்பு தோன்றிய நாளிலிருந்து அதற்கு இருந்துவந்த ஒரே குறை, அதைக் கவனித்துக்கொள்ள ஒரு குழு இல்லாததுதான். அந்தக் குறையை நீக்கிய பெருமை தண்ணீர் மீட்டர் சோதனை வாரியத்துக்கே உரியது. இதை வாரியமே தன் ஆண்டறிக்கையில் நான்கு இடங்களில் சொல்லியிருக்கிறது. வேறு யாரும் எங்கேயும் சொல்லவில்லை. பொறாமை, வேறென்ன?

வாரியத்திடம் ஒரு பழைய கார் இருந்தது. முதல் தலைவர் ஏறிப் போன கார். கறுப்பு நிறம், உருண்டை விளக்கு, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத தோல் இருக்கை. அதைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டிவந்தவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அலுவலகம் முழுக்க அவரை 'நிதானம்' என்றே கூப்பிடும். காரில் போகும்போது தெருநாய் குறுக்கே வந்தால், அது கடந்து, யோசித்து, திரும்பி வந்து மறுபடி கடக்கும்வரை காத்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

அவரும் காரைத் துருவிலிருந்து காப்பாற்றித்தான் வந்தார். ஆனால் அது ஒரு 'பாமர' முறை. சனிக்கிழமை காலையில் உலர்ந்த துணியால் துடைப்பார். கீல், தாழ்ப்பாள், போல்ட்டு என்று வெறும் இரும்பு தெரிகிற இடத்தில் எல்லாம் விரலால் எண்ணெய் தடவுவார். பிறகு காரை எடுத்து வளாகத்துக்குள் இரண்டு சுற்று ஓட்டி, பத்துப் பதினைந்து தடவை பிரேக்கை அழுத்துவார். சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிரேக் டிரம்முக்கு எந்தப் பூச்சும் கிடையாது. பிரேக் போடும்போது அதை ஒரு கட்டை உள்ளிருந்து உரசும், அந்த உரசலில்தான் வண்டி நிற்கும். உரச உரச அது கண்ணாடி மாதிரி மின்னும். சும்மா விட்டால்தான் துரு ஏறும். இவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம். இதற்குக் கோப்பு இல்லை, கூட்டம் இல்லை, கூட்டத்துக்குப் பிஸ்கட் இல்லை. மானமுள்ள எந்த அலுவலகம் இதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்?

வாரியத்தின் பவள விழாவுக்கு ஐந்து மாதம் இருந்தபோது தலைவர் காரில் ஏறப் போனார். பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், பம்பருக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டார். வாரியத்தின் வரலாற்றில் ஒரு தலைவர் குனிந்தது அதுவே முதல் தடவை.

“இது என்னய்யா?” என்றார்.

நிதானம் புள்ளியைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார், விரலால் ஒரு துடை துடைத்தார். புள்ளி போய்விட்டது.

“இது காரோட துரு இல்லீங்க ஐயா. கூரைத் தகரத்துல இருந்து சொட்டினது.”

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கெட்ட நேரம், பக்கத்தில் செயலாளர் இருந்தார். தான் இருக்கும் இடத்தில் ஒரு பிரச்சினை அவ்வளவு சுலபமாகச் செத்துப் போக அவர் என்றுமே அனுமதித்ததில்லை. கூரை கட்டடப் பிரிவைச் சேர்ந்தது; கட்டடப் பிரிவு மேலாளரோடு தனக்கு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் கார் தன் பிரிவு. ஆகவே துரு எங்கிருந்து வந்தாலும் அது காருக்கு வந்ததாகவே 'கருதப்பட வேண்டும்' என்று அவர் தலைவரிடம் எடுத்துச் சொன்னார். தலைவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கூரை இன்றுவரை ஒழுகிக்கொண்டிருக்கிறது.

மறுநாளே துருத் தடுப்புக் குழு பிறந்தது. செயலாளர் தலைமையில் பதினொரு பேர். கணக்குப் பிரிவிலிருந்து மூன்று பேர், துரு வழக்குப் போட்டால் சமாளிக்கச் சட்டப் பிரிவிலிருந்து ஒருவர், எண்ணெயில் அனுபவம் உள்ளவர் என்பதால் கேன்டீன் மேலாளர், எதற்கும் இருக்கட்டும் என்று நூலகர், இப்படி. பதினொருவரில் ஏழு பேர் அந்தக் காரில் உட்கார்ந்ததே இல்லை. இரண்டு பேர் படத்தில் பார்த்திருந்தார்கள். நிதானத்தைச் சேர்க்கலாமே என்று நூலகர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவர் காரோடு மிகவும் நெருங்கிப் பழகியவர், பாரபட்சம் இல்லாமல் யோசிக்க மாட்டார் என்று செயலாளர் விளக்கியதும் நூலகர் தன் அறியாமைக்கு வருந்தினார்.

முதல் கூட்டத்தில் துரு என்றால் என்ன என்று விவாதித்தார்கள். சட்டப் பிரிவுக்காரர் அதை 'இரும்பின் ஒழுக்கக் குறைவு' என்றார். அது ஏகமனதாக ஏற்கப்பட்டது. இரண்டாவது கூட்டத்தில் முதல் கூட்டத்தின் குறிப்பை வாசித்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்குப் பூச்சு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து திரையில் படம் போட்டுக் காட்டினார். எதிரி ஈரம் என்றார் அவர். ஈரம் காற்றில் இருக்கிறது, வியர்வையில் இருக்கிறது, இதோ நீங்கள் விடுகிற மூச்சில்கூட இருக்கிறது என்றார். பதினொரு பேரும் சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காருக்காகத் தன்னையே வருத்திக்கொள்ளும் இப்படியொரு தியாகத்தை எந்த அலுவலகத்தில் பார்க்க முடியும்? கேன்டீன் மேலாளர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போன பிறகுதான் தேநீர் இடைவேளை விட்டார்கள்.

கூட்டம் நடக்கிற அறையின் ஜன்னல் கம்பிகள் துரு ஏறித் தொட்டால் உதிரும். ஜன்னல் கொக்கி இறுகிப்போய்த் திறந்து எட்டு வருஷம் ஆகிறது. குழாயைத் திருகினால் தண்ணீர் காப்பி நிறத்தில் வரும். தண்ணீர் மீட்டரையே சோதிக்கிற வாரியத்தில் அப்படி வரலாமா என்று கேட்காதீர்கள். மேற்படி துருக்கள் குழுவின் வரம்புக்குள் வராதவை.

நான்காவது கூட்டத்தில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் நிறைவேறியது. 'காரின் எந்தப் பாகத்திலும், எக்காரணம் கொண்டும், பூச்சற்ற உலோகம் காணப்படக் கூடாது.' கீழே வார்னிஷ், நடுவில் மெழுகு, மேலே கிரீஸ் என்று மூன்றடுக்குப் பூச்சு. கூடவே ஒரு சுற்றறிக்கை: ஓட்டுநர் பருத்திக் கையுறை அணிய வேண்டும், காருக்குள் பெருமூச்சு விடக் கூடாது, தும்மல் வருவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும்.

பூச்சு நிறுவனத்தார் வந்து பூசினார்கள். நன்றாகத்தான் பூசினார்கள். கார் சாவியும் உலோகம்தானே என்று சாவிக்கும் மூன்றடுக்கு பூசினார்கள். சாவி வெண்டைக்காய் பருமனுக்கு ஆகிவிட்டது, துவாரத்துக்குள் போக மறுத்தது. நிதானம் தன் வீட்டில் இருந்த மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் ஓட்டிக்கொண்டார்.

அடுத்து வந்தது விழா ஒத்திகை. கார் கிளம்பவில்லை. பேட்டரியிலிருந்து வரும் எர்த் ஒயரைக் காரின் உடம்போடு ஒரு போல்ட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் இரும்பும் இரும்பும் நேராகத் தொட்டால்தான் மின்சாரம் ஓடும். குழு இரண்டுக்கும் நடுவில் பூச்சைப் போட்டுக் 'கண்ணியம்' காத்திருந்தது. நிதானம் பானெட்டைத் தூக்கி, உப்புத்தாளால் அங்கே நாலு தேய் தேய்த்தார். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளர் மட்டும் தட்டவில்லை. அவர் அந்த நாலு தேய்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் குறிப்பாணை வந்தது. குற்றம்: 'பூச்சு அழிப்பு'. நிதானம் ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தார். மனிதாபிமான அடிப்படையில் குழு அவரை மன்னித்தது. மன்னித்த கையோடு செயலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

“நிதானம், இன்னொரு தடவை அந்தக் கார்ல வெறும் இரும்பு தெரிஞ்சா, அப்புறம் நீங்க இந்த ஆபீஸ்ல தெரிய மாட்டீங்க.”

நிதானம் வெளியே வந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். வேலை போனால் வளாகத்துக்குப் பின்னால் கொடுத்திருக்கும் இரண்டு அறை வீடும் போகும். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அன்றிலிருந்து அவர் காரைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது; கடன் கொடுத்தவரைப் பார்ப்பதுபோல் ஓரமாய்ப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவார்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது பூச்சு நிறுவனத்தார் கடைசிச் சோதனைக்கு வந்தார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். டிரம்மைக் கழற்றினார்கள். உள்ளே பார்த்தவர்கள் அலறியடித்துக்கொண்டு செயலாளரிடம் ஓடினார்கள். 'இதுநாள்வரை மறைத்து வைக்கப்பட்டிருந்த நான்கு மாபெரும் பூச்சற்ற உலோகப் பரப்புகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன' என்று அறிக்கை போனது. செயலாளர் நிதானத்தை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், பத்தொன்பது வருஷம் கூடவே இருந்து குழி பறித்தவனைப் பார்க்கிற பார்வை. நிதானம் வாயைத் திறப்பதற்குள் அவரைத் தலைவர் வீட்டுக்கு மாலை நேர வேலையாக அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது நான்கு டிரம்மும் உள்ளே வழவழவென்று மெழுகும் கிரீஸும் அப்பி, சக்கரங்கள் மாட்டப்பட்டு, கார் சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தார். பிரேக்கை அழுத்தினார். கார் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மெதுவாக உருண்டு போய்ச் செயலாளர் அறை வாசலில் வரிசையாக இருந்த பூந்தொட்டிகளில் இரண்டைச் சாய்த்துவிட்டு, மூன்றாவதில் முட்டி நின்றது. ஆட்கள் யாரும் இல்லை. தலைக்கு வந்தது தொட்டியோடு போயிற்று. நிதானம் அப்படியே உள்ளே போனார்.

“சார், பிரேக் பிடிக்கல.”

“துரு பிடிச்சிருக்கா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்ன?”

“டிரம்முக்குள்ள மெழுகு பூசிட்டாங்க சார். அது வெறும் இரும்பா இருந்தாத்தான் வண்டி நிக்கும். விழா அன்னிக்கு ஐயா உக்காந்திருப்பார். மேல இருந்து கீழ வரைக்கும் இறக்கம். கீழ ஜனங்க நிப்பாங்க.”

செயலாளர் கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். பெரிய மனிதர்கள் யோசிக்கும்போது நாம் குறுக்கிடக் கூடாது; நிதானமும் குறுக்கிடவில்லை.

“இங்க பாருங்க. கார் நிக்கலைன்னா அது ஒரு நிமிஷப் பிரச்சினை. துரு பிடிச்சா அது நிரந்தரப் பிரச்சினை. எதுக்கு முன்னுரிமைன்னு நீங்களே சொல்லுங்க.”

கீழே ஜனங்கள் என்று நிதானம் மறுபடி ஆரம்பித்தார். செயலாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. விண்ணப்பமாக எழுதிக் கொடுங்கள், குழுவில் வைக்கிறேன் என்றார். ஆனால் கூட்டம் நடக்க ஏழு பேராவது வேண்டும், எல்லோரும் விழா வேலையில் இருக்கிறார்கள், அடுத்த கூட்டம் விழா முடிந்து பன்னிரண்டாம் நாள். அதுவரை என்ன செய்வது என்று நிதானம் கேட்டார்.

“மெதுவா ஓட்டுங்க. உங்க பேரே அதுதானே.”

வீட்டில் நிதானத்தின் மச்சான் வந்திருந்தான். மனைவியின் தம்பி, அடுத்த தெருவில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். நடந்ததைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாமா, உங்க ஆபீஸ்ல படகு வாங்கினா அதுல தண்ணி படக் கூடாதுன்னு சொல்லுவாங்க போலிருக்கே” என்றான். மறுபடி சிரிக்கப் போனவன், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

நிதானத்தின் மனைவி அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெழுகைத் துடைத்தால் வேலை போய்விடும், துடைக்காவிட்டால் உயிர் போய்விடும், இருதலைக் கொள்ளி எறும்பாக மாட்டிக்கொண்டேன் என்று அவர் புலம்பியதை முழுசாகக் கேட்டாள்.

“இதுல யோசிக்க என்னங்க இருக்கு? வேலை போனா உயிர் மிஞ்சும். உயிர் போனா வேலையும் சேர்ந்துதான் போகும். துடைச்சிட்டு வாங்க.”

வாரியத்தில் பதினொரு பேர் ஐந்து மாதமாக எட்ட முடியாத தெளிவு அது. அவள் எந்தக் குழுவிலும் இல்லாததால் அது பதிவாகவில்லை.

விழாவுக்கு முதல் நாள், மதியம் ஒரு மணி. ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை வாரியம் சாப்பிடும். அந்த நேரத்தில் நிலநடுக்கமே வந்தாலும் வரவேற்பறையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். விழாவுக்கு வாடகை நாற்காலி கொண்டுவருகிறவன்போல மச்சான் தலையில் மூன்று நாற்காலியைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்தான். காவலாளி சலாம்கூட வைத்தார்.

முன்னால் இடது சக்கரத்துக்கு ஜாக்கி போட்டார்கள். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை இழுத்தார்கள். மெழுகும் கிரீஸும் நேற்று வைத்த கூழ் மாதிரி அப்பியிருந்தன. பெட்ரோல் நனைத்த துணியால் வழித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி துடைத்தார்கள். அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியில் வெறும் இரும்பு பளிச்சென்று சிரித்தது. அதைப் பார்த்ததும் நிதானம் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு இரும்பைப் பார்த்து அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டிவிட்டு, வலது பக்கத்துக்குப் போய் நட்டைத் தளர்த்தத் தொடங்கினார்கள். வெளியே பேச்சுக் குரல். புகைப்படக்காரருக்கு இன்னொரு விழா இருந்ததால், காரோடு குழுவினர் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சியைச் சாப்பாட்டுக்கு நடுவிலேயே வைத்துவிட்டார்களாம். மச்சான் நட்டுகளை வெறியோடு திருப்பி முடுக்கினான். ஜாக்கியை நாற்காலிக்கு அடியில் தள்ளினான். ஓட வழியில்லை. கதவு திறந்தது.

அந்தப் படம் இப்போதும் வாரியத்தின் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. கீழே 'துருத் தடுப்புக் குழுவினர் பதினொருவர்' என்று எழுதியிருக்கும். ஒதுங்கி நிற்கச் சொன்ன நிதானத்தைச் சேர்க்காமலே எண்ணினால் பன்னிரண்டு பேர் வரும். ஓரத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார் என்று ஒரு உறுப்பினரும் கேட்கவில்லை; ஒவ்வொருவரும் அவரை இன்னொரு பிரிவைச் சேர்ந்தவர் என்று நினைத்தார்கள்.

படம் எடுத்த கையோடு செயலாளர் கொட்டகையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார். இனி விழா நேரத்தில்தான் திறப்பு. வெளியே வந்ததும் மச்சானின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“மாமா, நாலுல ஒண்ணுதான் பிடிக்கும். அதுவும் இடது முன்னால. பிரேக் போட்டா வண்டி நேரா நிக்காது, இடப்பக்கம் இழுக்கும். சுத்திச் சுத்தித்தான் நிக்கும். சுத்துறதுக்கு ஒரு இடம் பார்த்து வெச்சுக்கங்க.”

விழா காலை பத்து மணிக்கு. நிர்வாகக் கட்டடம் மேட்டில் இருக்கிறது. அதன் வாசலிலிருந்து பாதை இறங்கிக் கீழே பெரிய முற்றத்தில் முடியும். முற்றத்தின் நடுவில் ஒரு வட்ட நீரூற்று. குழாய் துருப்பிடித்து அடைத்துக்கொண்டதால் அதில் தண்ணீர் வருவதில்லை. அதைச் சுற்றிலும் நல்ல இடைவெளி விட்டு எழுநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. செயலாளர் வரவேற்புரைக் காகிதத்தோடு முற்றத்தின் விளிம்பில் நின்றார்.

மேலே தலைவர் பின் இருக்கையில் ஏறினார். நிதானம் குனிந்து, பிரேக் சரியில்லை ஐயா, நடந்தே போய்விடலாமா என்று கேட்டார். வாத்தியச் சத்தத்தில் அது தலைவருக்கு வாழ்த்தாகத்தான் கேட்டிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

முதல் கியரில் போட்டு ஊர்ந்தே இறங்கிவிடலாம் என்பது நிதானத்தின் கணக்கு. அந்தக் காருக்கு இறக்கத்தில் முதல் கியர் நழுவுகிற பழக்கம் உண்டு. கியர் கோலைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையில் பருத்தி உறை. கோலில் மூன்றடுக்குப் பூச்சு. பாதி இறக்கத்தில் கோல் விலாங்குமீனாக வழுக்கிக்கொண்டு போயிற்று. கார் சுதந்திரம் அடைந்தது.

பத்தொன்பது வருஷத்தில் நிதானம் அந்த வேகத்தைப் பார்த்ததே இல்லை. கைபிரேக்கை இழுத்தார், அது பின் சக்கரங்களுக்கு உரியது, அங்கே மெழுகு. எதிரே எழுநூறு முகங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. முன் வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மகளின் ஞாபகம் வந்தது, மனைவியின் ஞாபகம் வந்தது, சம்பந்தமே இல்லாமல் அந்த நூலகரின் ஞாபகம்கூட வந்தது. பாதை முடிந்து முற்றம் தொடங்குகிற இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார்.

இடது முன் சக்கரம் பிடித்தது. கார் ஒரு உதறு உதறி இடப்பக்கம் திரும்பி நீரூற்றைச் சுற்றத் தொடங்கியது.

முதல் சுற்றில் கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. இரண்டாவது சுற்றில் யாரோ ஒருவர் கை தட்டினார். பாண்டுக்காரர் புத்திசாலி, மெட்டை மாற்றி வேகப்படுத்தினார். மூன்றாவது சுற்றில் எழுநூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். தலைவர் ஜன்னல் வழியே கையசைத்தார். ஒரே ஆட்களுக்கு மூன்று தடவை அசைத்தார். மூன்றாம் தடவை தன் சொந்த மனைவிக்கும் அந்நியப் பொதுமக்களுக்கு அசைப்பதுபோலவே அசைத்தார். கார் வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, செயலாளரின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அவர் நகரவில்லை. துணிச்சல் என்று சொன்னார்கள். கால் வரவில்லை என்பதுதான் உண்மை.

நிதானத்துக்குக் கை ஸ்டியரிங்கிலிருந்து பிரியவில்லை. கூட்டத்தின் கடைசி வரிசையில் கை தட்டாமல் இருந்தவள் அவர் மனைவி ஒருத்திதான். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

தலைவர் இறங்கினார். முகமெல்லாம் மலர்ச்சி. அந்த மூன்று சுற்று யாருடைய யோசனை என்று கேட்டார். செயலாளருக்குக் கால்தான் வரவில்லையே தவிர, குரல் வந்துவிட்டது.

“குழுவோட யோசனைதான் ஐயா.”

மூன்று சுற்று அன்று முதல் வாரியத்தின் 'மரபு' ஆனது. குழுவுக்குப் பாராட்டுக் கடிதம், உறுப்பினர்களுக்குக் கேடயம். கார் மறுபடி கொட்டகைக்குள் போய், முத்திரைக்குள் அடங்கியது. வெளியே பன்னிரண்டு நாள் விடாமல் மழை பெய்தது.

பன்னிரண்டாம் நாள் குழு கூடி, நிதானத்தின் விண்ணப்பத்தை மிகுந்த பரிவோடு பரிசீலித்தது. 'பிரேக் பிடித்ததை எழுநூறு பேர் நேரில் கண்டிருப்பதால், பிரேக் பிடிக்கவில்லை என்ற புகாரில் உண்மை இல்லை' என்று தள்ளுபடி செய்தது. அதே நாளில், 'துருவற்ற பாரம்பரிய வாகனம்' என்ற சான்றிதழ் கொடுப்பதற்காக வெளியிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்திருந்தார். அவர் சக்கரம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மூன்று டிரம்கள் மெழுகுப் பளபளப்போடு, பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தன. இடது முன் டிரம்மில் மட்டும் செம்பழுப்பாக, மாவு தூவினாற்போல் துரு.

ஒரு தடவை பிரேக்கை மிதித்தால் அது போய்விடும் என்று நிதானம் சொல்லிப் பார்த்தார். ஆய்வாளர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். சான்றிதழ் மறுக்கப்பட்டது.

சாயங்காலத்துக்குள் குற்றப் பத்திரிகை கைக்கு வந்துவிட்டது. 'மேற்படி வாகனத்தின் நான்கு டிரம்களில் மூன்று மாசு மருவின்றி விளங்க, ஒன்றில் மட்டும் துரு ஏற்பட்டதன் காரணம் என்ன? அதற்குப் பொறுப்பான தங்களை ஏன் பணியிலிருந்து நீக்கக் கூடாது? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

மன்னிப்புக் கேட்டு எழுதிவிடுங்கள், படிப்பு முடிகிறவரையாவது வீடு மிஞ்சும் என்றான் மச்சான். மனைவி பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நிதானம் தன் வாழ்நாளில் முதல் தடவையாக நிதானத்தைக் கைவிட்டார். மூன்று நாள் கேட்டவர்களுக்கு மூன்று நிமிஷத்தில் பதில் எழுதி முடித்தார்:

'ஐயா, நாலு டிரம்மில் துருப்பிடித்தது அது ஒன்றுதான். அன்றைக்கு வேலை செய்ததும் அது ஒன்றுதான். மாசு மருவில்லாத மற்ற மூன்றையும் குழுவில் சேர்த்துக்கொள்ளவும்.'